தென்கிழக்கு அலாஸ்கா: சிறு கப்பலில் காணும் பனியாறுகளும் காட்டுயிர்களும்

தென்கிழக்கு அலாஸ்கா என்பது அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், கனடாவின் எல்லையை ஒட்டிப் பசிபிக் கரையோரமாகத் தெற்கு நோக்கி நீளும் ஒடுங்கிய நிலப்பகுதியாகும். அலெக்சாண்டர் தீவுக்கூட்டம் எனப்படும் ஏறத்தாழ 1,100 தீவுகள் இதில் அடங்கும். தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் வளைந்து வளைந்து செல்லும் நீர்வழியை உட்கடல் வழி என்பர். வெளிப்புறத் தீவுகள் பசிபிக்கின் பேரலைகளைத் தடுத்துவிடுவதால், இவ்வழியில் கடல் பெரும்பாலும் ஓர் ஏரியைப் போல அமைதியாக இருக்கும்.

இப்பகுதியின் பெரும்பாலான ஊர்களுக்குச் சாலைத் தொடர்பு கிடையாது. மாநிலத் தலைநகரான ஜூனோவுக்குக்கூடக் கப்பலிலோ விமானத்திலோதான் செல்ல முடியும். ஆகவே இந்த வனப்பகுதியைக் காண்பதற்குக் கப்பலே இயல்பான வழி. அதிலும் சிறு கப்பல்களில் செல்வோர் காணும் காட்சிகள் எவை, அவை எவ்வாறு உருவாயின, இன்று அவற்றுக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சிறு கப்பலும் பெரிய கப்பலும்

அலாஸ்காவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல்களில் வருகின்றனர். ஓராண்டில் இவ்வாறு வருவோரின் எண்ணிக்கை 16 லட்சத்தைத் தாண்டிவிட்டது. சிறு கப்பல் என்பது பொதுவாக 100 பேருக்கும் குறைவான பயணிகளை ஏற்றும் கலமாகும். துறைமுகமே இல்லாத விரிகுடாக்களிலும் அது நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் ரப்பர் படகுகளிலும் கயாக் எனப்படும் துடுப்புப் படகுகளிலும் இறங்கிக் கரையோரமாகச் செல்வர். பெரிய கப்பலின் பன்னிரண்டாம் தளத்திலிருந்து பார்ப்பவருக்குத் திமிங்கலம் ஒரு கரும்புள்ளி. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்பவருக்கு அதன் மூச்சொலியே கேட்கும்.

இவ்விரு வகைக் கப்பல்களின் பயண வழியும் வேறுபடுவதற்கு ஒரு பழைய சட்டமும் காரணம். 1886-ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டப்படி, வெளிநாட்டில் பதிவுசெய்யப்பட்ட கப்பல் அமெரிக்காவின் ஒரு துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை வேறு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் மற்றோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட முடியாது. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடியின் கீழ் ஓடுவதால், சியாட்டிலிலிருந்து புறப்படுபவை கனடாவின் ஏதேனும் ஒரு துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அமெரிக்கக் கொடியின் கீழ் ஓடும் சிறு கப்பல்களுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. அவை ஜூனோவில் புறப்பட்டு சிட்காவிலோ கெட்சிகனிலோ பயணத்தை முடித்துக்கொள்ளலாம். மிச்சமாகும் நாட்களை ஆளற்ற நீர்ப்பரப்புகளில் செலவிடலாம்.

பயணக் காலம் மே முதல் செப்டம்பர் வரை. ஜூன் மாதத்தில் ஜூனோவில் ஏறத்தாழ 18 மணி நேரம் பகல் நீடிக்கும். ஆயினும் வெயிலை நம்பிச் செல்ல முடியாது. கெட்சிகனில் ஆண்டு மழையளவு 3,500 மில்லிமீட்டருக்கும் அதிகம். மழைச்சட்டை இல்லாமல் இங்கே ஒரு நாளும் கழியாது.

மழை வளர்த்த காடு

பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று கரையோர மலைகளில் மோதி மேலெழுந்து குளிர்கிறது. தாழ்வான இடங்களில் அது மழையாகவும், உயரமான இடங்களில் பனியாகவும் பொழிகிறது. மழை காட்டை வளர்த்தது. பனி பனியாறுகளை வளர்த்தது. தென்கிழக்கு அலாஸ்காவின் இரு பெரும் காட்சிகளுக்கும் ஒரே காற்றுதான் தாய்.

இக்காட்டின் பெரும்பகுதி டோங்காஸ் தேசியக் காடு என்னும் பெயரில் 1907 முதல் பாதுகாக்கப்படுகிறது. ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இது அமெரிக்காவின் மிகப் பெரிய தேசியக் காடாகும். மழைக்காடு என்றதும் நமக்கு வெப்பமண்டலம் நினைவுக்கு வரும். இதுவோ மிதவெப்ப மழைக்காடு. சிட்கா ஸ்புரூஸ், மேற்கத்திய ஹெம்லாக், செந்தேவதாரு, மஞ்சள் தேவதாரு ஆகிய ஊசியிலை மரங்கள் நீர் விளிம்பு வரை நெருங்கி நிற்கின்றன. தரையெங்கும் பாசி மெத்தை போல் படர்ந்துள்ளது. வீழ்ந்த மரத்தின் மேலேயே அடுத்த தலைமுறைக் கன்றுகள் முளைத்து வரிசையாக நிற்பதைக் கரையிறங்கி நடப்போர் காணலாம்.

இக்காட்டின் நடுவே சாம்பல் நிறத்தில் பட்டுப்போய் நிற்கும் மரங்களும் கப்பலிலிருந்தே தெரியும். அவற்றில் பல மஞ்சள் தேவதாருக்கள். இதன் காரணம் முதலில் கேட்பவருக்கு வியப்பாக இருக்கும்: புவி வெப்பமடைவதால் இம்மரங்கள் குளிரில் உறைந்து சாகின்றன. மஞ்சள் தேவதாருவின் வேர்கள் மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே படர்பவை. முன்பு தரையில் கனமாகப் படிந்திருந்த பனி ஒரு போர்வையாக வேர்களைக் காத்தது. இப்போது பனிப்பொழிவு குறைந்து மழை மிகுந்துவிட்டது. வசந்தத்தின் தொடக்கத்தில் திடீரென வரும் கடுங்குளிர், போர்வை இழந்த வேர்களைத் தாக்கிவிடுகிறது.

பனியாறு விரிகுடா: 250 ஆண்டுக் கதை

பல ஆண்டுகள் பொழியும் பனி ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்திக் கெட்டியான பனிக்கட்டியாகி, தன் எடையாலேயே பள்ளத்தாக்கு வழியே மெல்ல இறங்குவதே பனியாறு. அது மலையை 'U' வடிவில் குடைந்துகொண்டு செல்லும். பனியாறு பின்வாங்கியதும் அந்த ஆழமான பள்ளத்தில் கடல் புகுந்துவிடும். செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு இடையே கடல்நீர் நிற்கும் இத்தகைய இடுக்குகளுக்குப் பியோர்டு என்று பெயர். டிரேசி ஆர்ம், எண்டிகாட் ஆர்ம் ஆகியவை இங்குள்ள புகழ்பெற்ற பியோர்டுகள்.

இவற்றுள் வரலாற்றுச் சிறப்பு மிக்கது ஜூனோவுக்கு மேற்கே உள்ள பனியாறு விரிகுடா. 1794-இல் ஜார்ஜ் வான்கூவரின் ஆய்வுக் குழுவினர் இவ்வழியே வந்தபோது இங்கே விரிகுடா என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. கரையில் ஒரு சிறு வளைவும், அதற்குள் பெரும் பனிச்சுவரும் மட்டுமே இருந்தன. அந்தப் பனி சில இடங்களில் 1,200 மீட்டருக்கும் மேல் தடிமனாக இருந்தது. 1879-இல் இயற்கையியலாளர் ஜான் மியூர், திலிங்கித் வழிகாட்டிகளின் துணையுடன் படகில் வந்தபோது, பனி பல பத்துக் கிலோமீட்டர் பின்வாங்கி ஒரு நீண்ட விரிகுடா உருவாகியிருந்தது. 1916-இல் பெரும் பசிபிக் பனியாற்றின் முகப்பு, விரிகுடாவின் வாயிலிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. உள்ளே சென்றுவிட்டது.

மியூரின் பெயரைத் தாங்கிய பனியாறு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீராவிக் கப்பல் பயணிகளை ஈர்த்த பெரும் காட்சியாக இருந்தது. இன்று அது கடலைத் தொடுவதே இல்லை. ஒரே இடத்திலிருந்து 1941-இலும் 2004-இலும் எடுக்கப்பட்ட இரு ஒளிப்படங்கள் புகழ்பெற்றவை. முதல் படத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் பனி. இரண்டாவதில் நீரும் பசுமையான கரையும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 1794-க்குப் பின் நிகழ்ந்த பின்வாங்கலின் தொடக்கத்துக்குத் தொழிற்சாலைப் புகை காரணமன்று. சிறு பனியூழி எனப்படும் குளிர்க் காலத்தில் மிகவும் முன்னேறிவிட்ட பனியாறு, அக்காலம் முடிந்ததும் நிலைகுலைந்து பின்வாங்கியது. கடலில் முடியும் பனியாறுகளின் போக்கு, வெப்பநிலையுடன் நீரின் ஆழத்தையும் அடித்தள வடிவத்தையும் பொறுத்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பனியாறு 20-ஆம் நூற்றாண்டில் முன்னேறவும் செய்தது. ஆனால் அண்மைப் பத்தாண்டுகளில் அலாஸ்காவின் மிகப் பெரும்பாலான பனியாறுகள் மெலிந்து வருவதற்கு வெப்பமடையும் வளிமண்டலமே முதன்மைக் காரணம். ஒரு பனியாற்றைக் கொண்டு காலநிலையை முடிவுசெய்ய முடியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் விடை தெளிவாகிறது.

இப்பகுதி 1925-இல் தேசிய நினைவிடமாகவும், 1980-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இதனை அறிவிக்கக் கோரியவர்களில் முன்னின்றவர் தாவரவியலாளர் வில்லியம் கூப்பர். பனி விலகிய வெறும் பாறையில் உயிர்கள் எந்த வரிசையில் குடியேறுகின்றன என்பதை அறிய, அவர் 1916-இல் சிறு நிலத்துண்டுகளைக் குறித்துவைத்தார். அவை இன்றளவும் ஆராயப்படுகின்றன. விரிகுடாவின் வாயிலிலிருந்து உள்ளே செல்லும் பயணியும் இதே பாடத்தைத் தலைகீழாகப் படிக்கலாம். வாயிலில் இருநூறு ஆண்டு முதிர்ந்த ஸ்புரூஸ் காடு. மேலும் உள்ளே ஆல்டர், வில்லோ புதர்கள். அதற்கப்பால் பாறையோடு ஒட்டிய டிரையாஸ் செடிகளும் பாசியும். இறுதியில் வெறும் கல்லும் பனியும். ஒரே நாள் பயணத்தில் இரு நூற்றாண்டுகளைப் பின்னோக்கிக் கடக்கலாம்.

எடை குறைந்ததால் நிலமும் எழுகிறது. பனியின் பாரத்தில் அழுந்தியிருந்த புவியோடு, பாரம் நீங்கியதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் வீதம் உயர்ந்து வருகிறது. உலகெங்கும் கடல் மட்டம் உயர்கிறது. இங்கோ கரை கடலை விட்டு மேலே ஏறுகிறது.

அந்த மண்ணின் மக்கள்

பனியாறு விரிகுடா ஆளற்ற நிலமாக எப்போதும் இருந்ததில்லை. அது திலிங்கித் மக்களின் ஹூனா பிரிவினருடைய தாயகம். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் முன்னேறிய பனி அவர்களது ஊர்களை அழித்தது. ஓடும் நாயின் வேகத்தில் பனி வந்தது என்று அவர்களின் வாய்மொழி வரலாறு கூறுகிறது. அவர்கள் நீரிணையைக் கடந்து, இன்றைய ஹூனா ஊர் இருக்கும் பக்கம் குடியேறினர். பனி விலகியபின் மீன்பிடிக்கவும் கடற்பறவை முட்டை சேகரிக்கவும் திரும்பி வந்தனர். ஆனால் பூங்கா விதிகள் அவ்வழக்கங்களுக்குத் தடையாயின. நெடுங்காலப் பிணக்குக்குப் பின், 2016-இல் பூங்காவின் பார்ட்லெட் கோவ் கரையில் ஹூனா பழங்குடி இல்லம் திறக்கப்பட்டது. விரிகுடாவுக்கு அவர்கள் மொழியில் வழங்கும் பெயரின் பொருள், 'பனியாறு இருந்த இடத்து விரிகுடா' என்பதாகும்.

பனிமுகப்பின் எதிரே

கடலில் முடியும் பனியாற்றின் முகப்பிலிருந்து பெரும் பாளங்கள் உடைந்து விழுவதே பயணிகள் காத்திருந்து காணும் காட்சி. முதலில் பாளம் சரிவது தெரியும். இடி போன்ற ஓசை சில நொடிகள் கழித்தே வந்து சேரும். முகப்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அந்த இடைவெளி உணர்த்தும். பெரும் பாளங்கள் அலையை எழுப்புவதால், கப்பல்கள் போதிய தொலைவிலேயே நின்றுவிடும்.

பனி நீலமாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. அழுத்தத்தால் காற்றுக் குமிழிகள் குறைந்த கெட்டிப் பனிக்கட்டியினுள் ஒளி நெடுந்தொலைவு ஊடுருவுகிறது. அப்போது சிவப்பு நிறம் உறிஞ்சப்பட்டு நீலமே வெளிவருகிறது. நீர் பால் கலந்த பச்சையாகத் தெரிவதற்குக் காரணம், பனியாறு பாறையை அரைத்துக் கொண்டுவரும் மாவு போன்ற நுண்துகள்கள்.

மிதக்கும் பனிப்பாளங்களின் மேல் துறைமுகச் சீல்கள் படுத்திருக்கும். இவை மே, ஜூன் மாதங்களில் பாளங்களின்மேல் குட்டி ஈனுகின்றன. உருகும் பனியிலிருந்து காற்றுக் குமிழிகள் வெடித்து வெளியேறுவதால் நீருக்கடியில் ஓயாத இரைச்சல் எழுகிறது. வேட்டையாடும் ஓர்க்காக்களிடமிருந்து சீல்கள் தப்ப இந்த இரைச்சல் உதவக்கூடும் எனக் கருதப்படுகிறது. படகு நெருங்கினால் தாய் நீரில் குதித்துவிடும், குட்டி தனித்துவிடும். இதனால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இடுக்கு மே, ஜூன் மாதங்களில் எல்லாக் கலங்களுக்கும் மூடப்படுகிறது.

திமிங்கலங்கள்

கோடையில் இந்நீரின் தலைமை விருந்தினர் கூன்முதுகுத் திமிங்கலம். 12 முதல் 15 மீட்டர் நீளமும் 30 டன்னுக்கு மேல் எடையும் உடையது. குளிர்காலத்தில் ஹவாயின் வெதுவெதுப்பான கடலில் இணைசேர்ந்து குட்டி ஈனும். ஆனால் அங்கே ஏறத்தாழ எதையும் உண்பதில்லை. கோடையில் 4,000 கி.மீ.க்கு மேல் நீந்தி அலாஸ்காவுக்கு வந்து, ஹெர்ரிங் மீன்களையும் கிரில் என்னும் சிறு இறால் போன்ற உயிரியையும் உண்டு கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும்.

சில திமிங்கலங்கள் கூட்டாகக் குமிழி வலை வீசி மீன் பிடிக்கின்றன. ஒன்று மீன் கூட்டத்தின் கீழே வட்டமாக நீந்தியபடி மூச்சுக் குமிழிகளை விட, அவை வலைபோல் மேலெழுகின்றன. மற்றொன்று எழுப்பும் ஓசையால் மிரண்ட மீன்கள் வட்டத்தின் நடுவே திரள்கின்றன. அப்போது எல்லாத் திமிங்கலங்களும் வாய் திறந்தபடி ஒருசேர மேலே பாய்கின்றன. நீர்ப்பரப்பில் வட்டமாகக் குமிழிகள் தோன்றுவதும், கடற்புறாக்கள் அங்கே விரைவதும் இதற்கு முன்னறிகுறி.

ஒவ்வொரு திமிங்கலத்தின் வால் அடிப்பகுதியிலும் உள்ள கறுப்பு வெள்ளைக் குறிகள் மனிதக் கைரேகை போலத் தனித்தன்மை உடையவை. பயணிகள் எடுக்கும் ஒளிப்படங்களே ஆய்வுக்கு உதவுகின்றன. இவ்வாறு திரட்டிய படங்களைக் கொண்டு 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று கவலைக்குரிய செய்தியைத் தந்தது. வேட்டைத் தடைக்குப் பின் பெருகிவந்த வட பசிபிக் கூன்முதுகுத் திமிங்கலங்கள் 2012-இல் ஏறத்தாழ 33,000 ஆக இருந்தன. 2021-இல் ஏறத்தாழ 27,000 ஆகக் குறைந்துவிட்டன. 2014 முதல் 2016 வரை நீடித்த கடல் வெப்ப அலையால் இரை குறைந்ததே இதற்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஓர்க்காக்களும் இங்கே உண்டு. ஆணின் முதுகுத் துடுப்பு 1.8 மீட்டர் உயரம் வரை வளரும். ஒரு வகை ஓர்க்கா மீன்களை மட்டுமே உண்கிறது. இன்னொரு வகை சீல் போன்ற கடற்பாலூட்டிகளை வேட்டையாடுகிறது. ஒரே நீரில் வாழ்ந்தாலும் இவை ஒன்றோடொன்று கலப்பதில்லை.

மீண்டு வந்த கடல் நீர்நாய்

கடல் நீர்நாய்க்கு மற்றக் கடற்பாலூட்டிகளைப் போல் தோலடிக் கொழுப்பு இல்லை. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முடிகள் கொண்ட அடர்ந்த உரோமமே அதைக் குளிரிலிருந்து காக்கிறது. அந்த உரோமமே அதற்கு எமனாகவும் ஆயிற்று. 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ரஷ்ய உரோம வணிகமும் பின்வந்த வேட்டையும் தென்கிழக்கு அலாஸ்காவில் இவ்வினத்தை முற்றிலும் துடைத்தன. 1911-இன் பன்னாட்டு உடன்படிக்கை வேட்டையைத் தடுத்தது. 1960-களின் பிற்பகுதியில் வேறு இடங்களிலிருந்து ஏறத்தாழ 400 நீர்நாய்கள் கொண்டுவந்து விடப்பட்டன. இன்று அவற்றின் வழித்தோன்றல்கள் 20,000-ஐத் தாண்டிவிட்டன.

நீர்நாய் கடல் முள்ளெலிகளை உண்கிறது. முள்ளெலிகள் கெல்ப் என்னும் பெரும் கடற்பாசியை உண்பவை. ஆகவே நீர்நாய் பெருகிய இடத்தில் கெல்ப் காடுகள் செழித்து, மீன்குஞ்சுகளுக்குப் புகலிடமாகின்றன. ஆனால் நீர்நாய் நண்டையும் சிப்பியையும் விடுவதில்லை. நாள்தோறும் தன் எடையில் கால் பங்கு அளவு உண்ணும் இவ்விலங்கால், நண்டு பிடிக்கும் மீனவர்களும் சிப்பி சேகரிக்கும் பழங்குடியினரும் இழப்பைச் சந்திக்கின்றனர். ஒரு பாதுகாப்பு வெற்றி எல்லோருக்கும் ஒரே மாதிரி இனிப்பதில்லை.

கரடி, சால்மன், மரம்

அட்மிரால்டி, பாரனோஃப், சிச்சகோஃப் ஆகிய மூன்று பெருந்தீவுகளில் கருங்கரடிகள் இல்லை. பழுப்புக் கரடிகள் மட்டுமே வாழ்கின்றன. அட்மிரால்டித் தீவில் மட்டும் ஏறத்தாழ 1,600 கரடிகள் உள்ளன. திலிங்கித் மக்கள் அத்தீவைக் 'கரடிகளின் கோட்டை' என்கின்றனர். தாய்வழி மரபணுவில் இம்மூன்று தீவுக் கரடிகள் மற்றப் பழுப்புக் கரடிகளைவிடப் பனிக்கரடிகளுக்கு நெருக்கமானவை.

வசந்தத்தில் கரடிகள் கரையோரப் புல்வெளிகளில் கோரைப்புல் மேயும். கடல்நீர் வற்றியிருக்கும் வேளையில் கற்களைப் புரட்டிச் சிப்பி தேடும். இக்காட்சிகள் படகிலிருந்தே தெரியும். ஜூலை முதல் ஐந்து வகைப் பசிபிக் சால்மன்களும் பிறந்த ஓடைகளுக்கு முட்டையிடத் திரும்புகின்றன. முட்டையிட்டதும் அவை இறந்துவிடும். கரடிகள் மீனைக் காட்டுக்குள் இழுத்துச் சென்று பாதி தின்று போடுகின்றன. மீதி மண்ணில் மக்கி உரமாகிறது. ஓடைக்கரை மரங்களில் கடலிலிருந்து வந்த நைட்ரஜன் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். கடல் மீனால் காடு வளர்கிறது. அக்காட்டின் நிழல் ஓடையைக் குளிர்வித்து அடுத்த தலைமுறை மீனைக் காக்கிறது.

பறவைகள்

அமெரிக்காவின் தேசியப் பறவையான வெண்தலைக் கழுகு இங்கே மரத்துக்கு மரம் காணக் கிடைக்கிறது. இரண்டு மீட்டருக்கும் மேல் சிறகு விரிக்கும் இப்பறவை சால்மனுக்குப் போட்டி என்று கருதப்பட்டு, 1917 முதல் 1950-களின் தொடக்கம் வரை அலாஸ்காவில் கொல்வோருக்குப் பரிசுப்பணம் வழங்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கழுகுகள் கொல்லப்பட்டன. இன்று ஹெயின்ஸ் ஊருக்கருகே கழுகுகளுக்கென்றே ஒரு காப்பகம் உள்ளது.

பனியாறு விரிகுடாவின் தெற்கு மார்பிள் தீவில் பஃபின்களும், கடற்சிங்கங்களின் கூட்டமும் ஒரே பாறையைப் பகிர்ந்துகொள்கின்றன. நீரில் சிறு பழுப்புப் பந்துகளாக மிதக்கும் மார்பிள்டு மர்ரலெட் கடற்பறவையாயினும் பழமையான காட்டு மரங்களின் பாசி படர்ந்த கிளையில் முட்டையிடும். அமெரிக்காவில் அதன் கூடு முதன்முதலாக அறியப்பட்டது 1974-இல்தான்.

ஆபத்துகளும் கட்டுப்பாடுகளும்

காண வருவோரே கேடாகவும் முடியலாம். 2001-இல் பனியாறு விரிகுடாவில் கருவுற்ற கூன்முதுகுத் திமிங்கலம் ஒன்று பெரிய பயணிகள் கப்பல் மோதி இறந்தது. ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அறிந்திருந்த விலங்கு அது. அதன் எலும்புக்கூடு இன்று பார்ட்லெட் கோவில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

அலாஸ்காவில் கூன்முதுகுத் திமிங்கலத்தை ஏறத்தாழ 91 மீட்டருக்குள் நெருங்குவது சட்டப்படி குற்றம். பனியாறு விரிகுடாவில் திமிங்கலங்கள் மிகுந்த பகுதிகளில் மணிக்கு 13 கடல்மைல் என்னும் வேக வரம்பு நடைமுறைக்கு வருகிறது. நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. ஜூனோ நகரும் பெரிய கப்பல்களின் எண்ணிக்கையை நாளுக்கு ஐந்தாகக் கட்டுப்படுத்தக் கப்பல் நிறுவனங்களுடன் உடன்பாடு கண்டுள்ளது.

நிலமும் அமைதியாக இருப்பதில்லை. 1958-இல் நிலநடுக்கத்தால் லிட்டுயா விரிகுடாவில் மலைச்சரிவு ஏற்பட்டு, எதிர்க்கரையில் 524 மீட்டர் உயரம்வரை நீர் ஏறிக் காட்டை வழித்தெடுத்தது. பதிவானவற்றுள் மிக உயர்ந்த அளவு இதுவே. 2025 ஆகஸ்டு 10 அதிகாலையில் டிரேசி ஆர்மில் தெற்கு சாயர் பனியாற்றின் அருகே மலைச்சரிவு நிகழ்ந்து, நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்கு நீர் எழும்பியது. உயிரிழப்பு இல்லை. பனியாறு விலகும்போது, அது தாங்கி நின்ற மலைச்சுவர் பிடிப்பை இழக்கிறது. பனி உருகுவதால் தோன்றும் புதிய நீர்வழிகள் அழகானவை. அவற்றின் கரைகள் இன்னும் உறுதிப்படாதவை.

பயணி செய்யக்கூடியவை

அமைதியாக இருத்தல், உணவு எதையும் கரையில் விடாதிருத்தல், வழிகாட்டி சொல்லும் தொலைவை மீறாதிருத்தல் ஆகியவை அடிப்படை ஒழுங்குகள். இருகண்நோக்கி ஒன்று இருந்தால் நெருங்க வேண்டிய தேவையே குறையும். திமிங்கலத்தின் வாலைப் படம் எடுத்தவர், நாளும் இடமும் குறித்து ஹேப்பிவேல் போன்ற பொதுத் தளங்களில் பதிவேற்றினால் அது அறிவியலுக்குப் பயன்படும். 33,000 என்பது 27,000 ஆனதை உலகம் அறிந்துகொண்டது இவ்வாறு சேர்ந்த படங்களால்தான்.

சிறு கப்பலும் எரிபொருளை எரித்தே ஓடுகிறது. அங்கே செல்ல நெடுந்தொலைவு விமானத்தில் பறக்கவும் வேண்டியிருக்கிறது. பனி உருகுவதைக் காணச் செல்லும் பயணம் பனியுருக்கத்தில் தானும் ஒரு சிறு பங்கு வகிக்கிறது. இந்த முரணுக்கு எளிய தீர்வு இல்லை. 1794-இல் பனி நின்ற இடத்தில் இன்று திமிங்கலம் மேய்கிறது, காடு நிற்கிறது, மக்கள் திரும்பி வந்து இல்லம் கட்டியிருக்கிறார்கள். பனி போன இடத்தில் உயிர் வரத் தெரிந்த நிலம் இது. அந்த உயிர்களுக்கு இரையும் குளிர்ந்த நீரும் தொடர்ந்து கிடைக்குமா என்பதே இனிவரும் ஆண்டுகளின் கேள்வி.